1970 செவெல் எஸ்எஸ்: டேஷ் மீட்டர் மாற்றுவது – எந்த மீட்டர், எந்த சென்சார், எந்த வயர்?

#1 – செவெல்70

1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 396. வட்ட மீட்டர் டேஷ்தான், ஆனால் யு14 ஆப்ஷன் (கூடுதல் முள் மீட்டர்கள்) இல்லாத வண்டி. ஸ்பீடோவுக்கும் ஃபியூயலுக்கும் மட்டும் முள் இருக்கு. ஆயில், டெம்பரேச்சர், சார்ஜ் மூன்றுக்கும் விளக்கு. மன்சி 4 ஸ்பீடு கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் 3.31, டயர் 235/60 ஆர்15. ஆல்டர்னேட்டர் 12எஸ்ஐ, 94 ஆம்பியர். இக்னிஷனுக்கு எம்எஸ்டி 6ஏஎல் எலெக்ட்ரானிக் பெட்டி.

இப்போதுள்ள கோளாறு இரண்டு. ஃபியூயல் முள் எந்நேரமும் எஃப்-ஐ (நிறைவுக் குறியை)த் தாண்டிப் போய் நிற்குது. ஸ்பீடோ முள் 40 மைலுக்கு மேல் நடுங்குது.

மூன்று வழி தெரியுது: பழைய கிளஸ்டரையே (மீட்டர் தொகுதியையே) சீர் செய்வது, அதே குழியில் அப்படியே உட்காரும் புது கிளஸ்டர் வாங்குவது, தனித்தனி வட்ட மீட்டர்கள் வாங்கி அலுமினியத் தகட்டில் பொருத்துவது. வண்டி ஓட்டுவதற்குத்தான், கண்காட்சிக்கு இல்லை. எதைப் பார்த்து முடிவு செய்யணும்?

#2 – மீட்டர்போர்டு

முகப்பு அழகைப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: டேங்க் யூனிட் (டேங்க்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் சென்சார்) எத்தனை ஓம், வேகம் கேபிளில் வருகிறதா பல்ஸில் (மின்துடிப்பில்) வருகிறதா, ஆல்டர்னேட்டரின் விளக்கு வயர் எங்கே போகிறது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மீட்டர் தானாக அமைந்துவிடும். தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பொய்தான் காட்டும்.

ஓம் கணக்கை ஒரு தரம் எழுதிவிடுகிறேன். ஜிஎம் (செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்) 1965 முதல்: காலி 0, நிறைவு 90. அதற்கு முந்தைய ஜிஎம்: 0 முதல் 30. அந்தக் காலத்து ஃபோர்டு, கிரைஸ்லர் இரண்டும் தலைகீழ்: காலி 73, நிறைவு 10 அளவு. கடையில் பொதுவாகக் கிடைக்கும் யூனிவர்சல் யூனிட்: காலி 240, நிறைவு 33.

உங்கள் 0–90 டேங்க் யூனிட்டை 240–33 மீட்டரோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டேங்க் காலியானால் 0 ஓம்; மீட்டர் அதை நிறைவுக்கும் மேல் என்று எடுத்துக்கொள்ளும். டேங்க் நிரம்பினால் 90 ஓம். பாதிக்குச் சற்று மேலே நிற்கும். பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். நடுவழியில் நிற்க வைக்கும் பொருத்தம் இது.

உங்கள் முள் எஃப்-ஐத் தாண்டி நிற்பதற்கு அர்த்தம் மீட்டர் போய்விட்டது என்று இல்லை. ஜிஎம்மில் வயர் எங்காவது அறுந்திருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ இப்படித்தான் காட்டும். டேங்க் பக்கம் வரும் டான் (வெளிர் பழுப்பு) நிற வயரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்து, அந்த வயரை பாடியில் தொடுங்கள். முள் இ-க்கு (காலிக் குறிக்கு) இறங்கி, எடுத்ததும் எஃப்-ஐத் தாண்டினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்க்கில். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், அதனால் தொடுவதையும் எடுப்பதையும் டேங்க் வாய்ப்பக்கம் வைத்துச் செய்யாதீர்கள். டிக்கியில் உள்ள கனெக்டரில் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து இரண்டு அளவு: யூனிட் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே ஒன்று, டெர்மினலுக்கும் யூனிட்டின் சொந்தத் தகட்டுக்கும் இடையே ஒன்று. இரண்டையும் இங்கே போடுங்கள்.

#3 – நாலுபேரல்

புது கிளஸ்டருக்கு ஓடும் முன் ஒரு வார்த்தை. இன்ஜின், கியர்பாக்ஸ் எண்கள் வண்டியோடு ஒத்துப்போகிற செவெல் என்றால் பழைய கிளஸ்டரை வெட்டவோ துளையிடவோ வேண்டாம். எதைப் போட்டாலும் கழற்றியதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். நாளை வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

யு14 கிளஸ்டர் தேடலாம் என்ற எண்ணம் வரும். அதில் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்று காட்டுவது), ஆம்மீட்டர், டெம்பரேச்சர் உண்டு. ஆயில் பிரஷருக்கு அதிலும் விளக்குதான். 396 என்று பெயர், உண்மையில் 1970-ல் அது 402 கன அங்குலம். அந்த இன்ஜினுக்கு ஆயில் பிரஷர் முள் இல்லாமல் ஓட்ட எனக்கு மனசு வராது. அதோடு யு14-க்கு டேஷ் வயரிங்கும் வேறு. கிளஸ்டரை மட்டும் வாங்கி மாட்டினால் பாதி முள் அசையாது.

இன்னொன்று: 1970 முதல் 72 வரை செவெல்லில் இரண்டு வகை டேஷ் வந்தது. வட்ட மீட்டர் ஒன்று, படுக்கைவாட்டில் நீளமான ஸ்பீடோ உள்ளது ஒன்று. வருஷத்தை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் தப்பானது வந்து இறங்கும். டேஷ் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

#4 – செவெல்70

அளந்தாச்சு. டான் வயரைத் தொட்டால் முள் இ-க்கு இறங்குது, எடுத்தால் மேலே போகுது. டெர்மினல்–பாடி: மல்டிமீட்டர் எதுவும் காட்டலை, ஓப்பன். டெர்மினல்–யூனிட் தகடு: 31 ஓம். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் இருக்கலாம்.

#5 – மீட்டர்போர்டு

அப்படியானால் டேங்க் யூனிட் நன்றாகவே இருக்கிறது. 90-ல் மூன்றில் ஒரு பங்கு 30. நீங்கள் சொன்னது 31. போனது எர்த் மட்டும். டேங்க் பட்டையின் பெயின்டும் அதனடியில் உள்ள ரப்பரும் டேங்க்கைப் பாடியிலிருந்து பிரித்துவிடும். யூனிட் தகட்டிலிருந்து வரும் கறுப்பு வயரின் மறுமுனை பாடியில் ஒரு ஸ்க்ரூவில் இருக்கும். அந்த இடத்தைப் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வயரே இற்றுப்போயிருந்தால் 16 கேஜ் கறுப்பு வயர் புதிதாக இழுங்கள். திரும்ப அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும்.

எந்தப் புது மீட்டர் வாங்கினாலும் இந்த எர்த் வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புது கிளஸ்டர் போட்டிருந்தால் அதுவும் இதே மாதிரி எஃப்-ஐத் தாண்டித்தான் நின்றிருக்கும்.

#6 – பாடிஎர்த்

சார்ஜிங் பக்கம் நான் சொல்றேன். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

12எஸ்ஐ ஆல்டர்னேட்டர்ல பக்கவாட்டு பிளக்ல இரண்டு டெர்மினல். 2-ம் நம்பர் வோல்டேஜ் பார்க்கறதுக்கு. 1-ம் நம்பர்ல பிரவுன் வயர், அது டேஷ் விளக்கு வழியா வருது. அந்த விளக்கு எச்சரிக்கைக்கு மட்டும் இல்ல. அது வழியா போற சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுது. புது கிளஸ்டர்ல சார்ஜ் விளக்கு இல்லாம, பிரவுன் வயரை டேப் சுத்தி விட்டுட்டா, ஸ்டார்ட் பண்ணினதும் வோல்ட்மீட்டர் 12-ஐ ஒட்டியே நிக்கும். இன்ஜினை நல்லா முறுக்கினா சில சமயம் திடீர்னு சார்ஜ் ஆக ஆரம்பிக்கும், அதனால காரணம் தெரியாம ஆல்டர்னேட்டரையே மாத்துவாங்க.

விளக்கு இல்லைன்னா அது இருந்த இடத்துல 50 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போடுங்க. அங்க இருக்கிற 194 நம்பர் பல்பு எரியும்போது கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும். சூடாகும், அதனால பிளாஸ்டிக்ல ஒட்டாம உலோகத்துல பொருத்துங்க. அந்தப் பல்புக்குப் பதிலா எல்இடி போடறதும் தப்பு. அதுல போற கரண்ட் போதாது. மத்த விளக்கெல்லாம் எல்இடி ஆக்கலாம், சார்ஜ் விளக்கு மட்டும் இழை பல்பாவே இருக்கட்டும்.

உங்களுக்கு எம்எஸ்டி 6ஏஎல் இருக்கறதால இன்னொரு வேலையும் இருக்கு. சாவியை அணைச்ச பிறகும் 1-ம் டெர்மினல்லேர்ந்து கரண்ட் பின்னாடி திரும்பி வந்து, எம்எஸ்டியோட மெல்லிய சிவப்பு வயரை உயிரோட வச்சிருக்கும். அந்த வயருக்குத் தேவை ரொம்பக் கொஞ்சம், அதனால இன்ஜின் நிக்காம ஓடிட்டே இருக்கும். பிரவுன் வயர்ல ஒரு டயோடு போட்டா நின்னுடும். டயோடுல கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும். 3 ஆம்பியர் டயோடு போதும்.

#7 – மோபார்பிரியன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஆம்மீட்டரா வோல்ட்மீட்டரா என்று நீங்கள் இன்னும் பேசவில்லை. ஆம்மீட்டர் பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று நேராகச் சொல்கிறது. வோல்ட்மீட்டர் அதை மறைமுகமாகத்தான் சொல்கிறது. என் 1970 டாட்ஜ் சார்ஜர் காரின் ரேலி டேஷில் அது அசல் பொருள் வேறு. ஏன் எல்லாரும் அதைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

#8 – பாடிஎர்த்

கழற்றச் சொல்றதுக்குக் காரணம் ஆம்மீட்டர் பொய் சொல்லுதுங்கறது இல்ல. மோபார்ல (கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகள்ல) அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் பிரச்சினை.

உங்க சார்ஜர்ல பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவுல உள்ள தகடு) கனெக்டர் வழியா உள்ளே வந்து, ஆம்மீட்டர்ல ஏறி, கறுப்பு வயரா இறங்குது. ஆல்டர்னேட்டர் கரண்டும் அதே கனெக்டர் வழியாத்தான் உள்ளே வருது. ஸ்டார்ட்டர் தவிர வண்டியோட மொத்த கரண்டும் கால் அங்குல அகலமுள்ள பித்தளைத் தகடுகள் வழியா போகுது. அந்த கனெக்டரை ஒரு தரம் கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. மத்த குழியெல்லாம் கறுப்பா, ஓரம் கூர்மையா இருக்கும். சிவப்பும் கறுப்பும் வர்ற இரண்டு குழி மட்டும் பழுப்பா, ஓரம் உருண்டு, மெழுகு மாதிரி வழிஞ்சிருக்கும். உள்ளே தகடு மஞ்சள் போய் கருஞ்சாம்பலா இருக்கும், விரலால அழுத்தினா பிடிப்பு இருக்காது. பிடிப்பு விட்டா ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ்னா சூடு, சூட்டுல பிடிப்பு இன்னும் விடும். ஆம்மீட்டர் பின்பக்க நட்டுகளும் அப்படியே. அதுல பெரிய ஆல்டர்னேட்டரும் எலெக்ட்ரிக் ஃபேனும் சேர்த்தா கருகாம இருக்காது.

சரிசெய்யறது: ஆம்மீட்டரோட இரண்டு வயரையும் ஒரே போல்டுல சேர்த்துடுங்க. ஆல்டர்னேட்டர் அவுட்புட்லேர்ந்து ஸ்டார்ட்டர் ரிலேயோட பேட்டரி போல்டுக்கு வெளியே வெளியே தனி வயர் போடுங்க. அதுல ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் மிஞ்சினா உருகி அறுந்துபோற துண்டு வயர்) கட்டாயம். வயரை விட நாலு எண் மெல்லிசு, அதாவது 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க். பிறகு ஆம்மீட்டர் முகப்பை வச்சே உள்ளே வோல்ட்மீட்டரா மாத்திக்கலாம். பார்க்க அசல் மாதிரியே இருக்கும்.

செவெல் யு14 ஆம்மீட்டர் இது மாதிரி இல்ல. மெயின் கரண்ட் உள்ளே வர்றதே இல்ல. முன்பக்க வயரிங்ல ஒரு துண்டு வயரோட இரண்டு முனையில உள்ள மில்லிவோல்ட் வித்தியாசத்தை மட்டும் பார்க்குது. இரண்டு வயர்லயும் 4 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். தீப்பிடிக்கிற பயம் இல்ல. ஆனா அந்தத் துண்டு வயரோட நீளமும் தடிமனும்தான் அதோட அளவுகோல். 94 ஆம்பியருக்குன்னு பக்கத்துல தடி வயர் ஒண்ணு ஓட்டினா ஆம்மீட்டர் பாதிதான் காட்டும்.

அதனால செவெல்70-க்கு வோல்ட்மீட்டர்தான். அணைச்சு ஓய்வுல 12.6, ஓடும்போது 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும். இந்த எண்ணை மனசுல வச்சுக்கிட்டா போதும்.

#9 – மோபார்பிரியன்

கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரண்டு குழியும் அப்படியேதான் இருக்கின்றன. தனி வயர் போடுகிறேன், முகப்பு அப்படியே இருக்கட்டும். நன்றி.

#10 – குதிரை67

1967 ஃபோர்டு மஸ்டாங்குக்கும் இதே ஓம் சோதனை செய்யலாமா? ஃபியூயல், டெம்பரேச்சர், ஆயில் மூன்று முள்ளும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன.

#11 – மீட்டர்போர்டு

செய்யலாம், ஆனால் ஜிஎம்முக்குச் சொன்னபடி வயரைப் பாடியில் தொட்டுப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்களுடையது சூட்டில் வளையும் இரட்டை உலோகப்பட்டை மீட்டர். கிளஸ்டரின் முதுகில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். அது 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து சராசரி 5 வோல்ட் ஆக்கும். மூன்று முள்ளும் சேர்ந்து செத்தால் முதல் சந்தேகம் அந்தப் பெட்டி. அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் 12 வோல்ட் நேராகப் போய் எல்லா முள்ளும் மேலே முட்டும், அப்படியே விட்டால் மீட்டர்கள் கருகும். அந்தப் பெட்டிக்கும் எர்த் வேண்டும், ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தாலும் இதே கதி.

சோதிக்க 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சென்சார் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள். அரை நிமிஷத்துக்குள் முள் மெதுவாக நிறைவுக்கு ஏற வேண்டும். 73 ஓம் வைத்தால் கீழே நிற்க வேண்டும். இரண்டும் சரியென்றால் மீட்டர் சரி. பெட்டிக்குப் பதில் எலெக்ட்ரானிக் 5 வோல்ட் ரெகுலேட்டர் போட்டுவிடுங்கள், மீட்டர்களை மாற்ற வேண்டியதே இல்லை. சில மோபார் ரேலி கிளஸ்டர்களில் இந்த ரெகுலேட்டர் ஃபியூயல் மீட்டருக்குள்ளேயே இருக்கும், அங்கே கவனம்.

உங்கள் மஸ்டாங்கில் அசல் டாக்கோமீட்டர் இருந்தால் அது காயிலுக்குப் போகும் வயரிலேயே தொடராக இருக்கும். பாயின்ட்டை (பழைய இக்னிஷன் தொடுமுனையை) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் அது பேசாமல் போகலாம். உள்ளே மூன்று வயர் போர்டு மாற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

#12 – கேபிள்21

செவெல்70 அவர்களே, ஸ்பீடோ நடுக்கத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் மீட்டர் குற்றமற்றது. கேபிள் உலர்ந்தோ, எங்கேயாவது கூர்மையாக மடங்கியோ இருக்கும். உள்கம்பியை உருவித் தரையில் நேராக வைத்து, ஒரு முனையை விரலால் உருட்டுங்கள். மறுமுனை சீராகச் சுற்றாமல் துள்ளினால் கம்பி கோணல், மாற்ற வேண்டும். நேராக இருந்தால் துடைத்து, கிரீஸ் தடவுங்கள்: கியர்பாக்ஸ் பக்கமிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும். மேலே வரைக்கும் தடவினால் கிரீஸ் ஸ்பீடோவுக்குள் ஏறிக் காந்தக் கிண்ணத்தில் ஒட்டும். அப்புறம் முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும், வெயில் காலத்துக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி. கேபிள் வளையும் இடம் எதுவும் 6 அங்குல ஆரத்தை விடக் குறுகக் கூடாது.

அடுத்தது பல் கணக்கு. அமெரிக்க ஸ்பீடோ ஒரு மைலுக்குக் கேபிள் 1000 சுற்று சுற்றும் என்று வைத்துச் செய்தது. கியர்பாக்ஸுக்குள் சுற்றுவது டிரைவ் கியர், அது சுழற்றும், கேபிள் முனையில் உள்ள சின்னது டிரிவன் கியர். டிரிவன் கியருக்கு வேண்டிய பல்லுக்குச் சூத்திரம் எளிது: டிரைவ் கியர் பல் × ஆக்ஸில் விகிதம் × டயர் ஒரு மைலுக்குச் சுற்றும் எண்ணிக்கை ÷ 1000. உங்கள் மன்சிக்குள் 8 பல் டிரைவ் கியர் இருக்கிறது, டயர் மைலுக்கு 790 சுற்று என்று வைத்தால் 8 × 3.31 × 790 ÷ 1000 = 20.9. ஆகவே 21 பல் டிரிவன் கியர். அங்கே 20 பல் இருந்தால் 60-ல் போகும்போது 63 காட்டும். டயர் சுற்று எண்ணை டயர் கம்பெனி அட்டவணையிலிருந்து எடுங்கள். விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சுமையில் டயர் அமுங்குவது விட்டுப்போகும், உங்கள் அளவுக்கு 770 சொச்சம்தான் வரும்.

புது கிளஸ்டர் எலெக்ட்ரானிக் ஸ்பீடோ என்றால் இந்தப் பல் பற்றிய கவலை இல்லை. கேபிள் ஏறிய அதே 7/8-18 மரையில் பல்ஸ் சென்சார் ஏறும். ஒரு சுற்றுக்கு 16 பல்ஸ் தருவது மைலுக்கு 16,000, 8 தருவது 8,000. கியர் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மீட்டரில் அளவு திருத்திக்கொள்ளலாம். சென்சார் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, எக்ஸாஸ்டிலிருந்தும் பிளக் வயரிலிருந்தும் தள்ளி ஓட்டுங்கள்.

ஜிபிஎஸ் ஸ்பீடோவும் கிடைக்கிறது. அளவு திருத்தவே தேவையில்லை, கியர்பாக்ஸைத் தொடவும் வேண்டாம். ஆனால் சாவி போட்டதும் வானத்திலிருந்து சிக்னல் பிடிக்கும் வரை முள் எழாது. அடுக்கு பார்க்கிங்கிலும் சுரங்கப் பாதையிலும் இறங்கிவிடும், அந்த மைல் கணக்கில் ஏறாது. கியர்பாக்ஸில் பல்ஸுக்கு வழியே இல்லாத வண்டிக்கு மட்டும் ஜிபிஎஸ் வாங்கலாம் என்பது என் கருத்து. மன்சிக்கு அது வேண்டாம்.

#13 – நாலுபேரல்

ஆயில் பிரஷருக்கு மட்டும் மெக்கானிக்கல் மீட்டர் போடுங்கள். ஆயிலே நேராக மீட்டருக்கு வருகிறது, நடுவில் ஓம் கணக்கு இல்லை, எர்த் இல்லை, கரண்ட் போனாலும் காட்டும்.

#14 – மீட்டர்போர்டு

துல்லியம் என்று பார்த்தால் அண்ணன் சொல்வது சரி. ஆனால் கொதிக்கும் ஆயிலை 1/8 அங்குல நைலான் குழாயில் கால் மேலே கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன். ஃபயர்வால் தகட்டின் ஓரம் உரசி வெட்டும், எக்ஸாஸ்ட் பக்கம் போனால் உருகும். போட்டே தீருவதானால் செப்புக் குழாயும் வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். எஃகு பின்னல் குழாயும் ஃபயர்வாலில் ரப்பர் வளையமும் போடுங்கள். மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டருக்கும் ஒரு சொல்: அந்த மெல்லிய குழாயும் குமிழும் அடைத்து மூடியவை, வெட்டி நீட்ட முடியாது, மடித்து ஒடித்தால் மீட்டர் முழுக்கக் குப்பைக்குத்தான். குமிழ் நுழைய ஃபயர்வாலில் பெரிய ஓட்டையும் வேண்டும்.

எலெக்ட்ரிக் சென்சாரில் என்ன கெடுகிறது என்றும் சொல்கிறேன். விளக்குக்கு உள்ளது வெறும் சுவிட்ச். பிரஷர் இறங்கினால் மூடும், அவ்வளவுதான். கருநீல வயர் அதிலிருந்து வருகிறது. அதையே மீட்டருக்குக் கொடுத்தால் முள் இந்த முனையில் அல்லது அந்த முனையில் நிற்கும். டெம்பரேச்சரின் கரும்பச்சை வயருக்கும் அதே கதை. சென்சார் இரண்டையும் மீட்டரோடு வந்ததாகப் போட வேண்டும், வேறு கம்பெனி சென்சாரைக் கலக்காதீர்கள்.

பிரஷர் சென்சார் கனமானது. பித்தளை நிப்பிளும் டீயும் போட்டு பிளாக்கில் நேராகத் தொங்கவிட்டால் பிக் பிளாக் (உங்களுடையது போன்ற பெரிய வி8 இன்ஜின்) அதிர்வில் நிப்பிள் கழுத்தில் ஒடியும், ஆயில் முழுக்க ரோட்டில். அரை மீட்டர் பின்னல் குழாயில் சென்சாரை ஃபயர்வாலுக்குக் கொண்டுபோய் கிளாம்ப் போடுங்கள். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் அதன் உடம்புக்குத் தனி எர்த் வயர் போட மறக்க வேண்டாம், குழாய் எர்த் தராது.

டெம்பரேச்சர் சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள். எர்த் நலிந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், இந்தச் சென்சாரில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் சூடு குறைவாகக் காட்டும். இன்ஜின் கொதிக்கும், முள் சாதுவாக இருக்கும். திரவ சீலன்ட் கொஞ்சம் போதும். சென்சார் 1/8 என்பிடி (குழாய் மரை அளவு), இன்ஜினில் ஓட்டை 1/2 என்பிடி என்றால் நடுவில் புஷ்ஷிங் வரும். தடித்த புஷ்ஷிங் போட்டால் சென்சார் நுனி தண்ணீருக்குள் நீட்டாமல் புஷ்ஷிங்குக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அப்போதும் குறைவாகத்தான் காட்டும். 180 டிகிரி (ஃபாரன்ஹீட்) தெர்மோஸ்டாட் போட்ட வண்டி சாதாரண ஓட்டத்தில் 180-க்கு நல்ல கீழே நின்றால், தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

#15 – செவெல்70

எர்த் சரிசெய்தாச்சு, ஃபியூயல் முள் இப்போ மூன்றில் ஒரு பங்கில் நிற்குது. டிரிவன் கியர் 20 பல்தான் இருந்தது.

பழைய கிளஸ்டரைத் தொடாமல் எடுத்து வைக்கப்போறேன். வட்ட டேஷுக்கு அப்படியே உட்காரும் எலெக்ட்ரானிக் கிளஸ்டர், 0–90 தேர்ந்தெடுக்கிற வசதியுள்ளது. டகோட்டா டிஜிட்டல் கம்பெனியுடையதா, கிளாசிக் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் கம்பெனியுடையதா என்று மட்டும் யோசனை. ஆட்டோமீட்டர் தனி மீட்டர்கள் விலை குறைவாகப் படுது, ஆனால் 5 அங்குல ஸ்பீடோவும் 2 1/16 அங்குல சின்ன மீட்டர்களும் வைக்க முகப்புத் தகட்டை வெட்டணும், அதனால் அதை விட்டாச்சு.

#16 – மீட்டர்போர்டு

இரண்டுமே இந்த டேஷுக்கு நல்ல தேர்வு. வித்தியாசம் இப்படி: டகோட்டா டிஜிட்டலில் சென்சார்கள் எல்லாம் தனி கன்ட்ரோல் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து ஒரே கேபிள் கிளஸ்டருக்கு. பெட்டியை வைக்க டேஷுக்கு அடியில் இடம் வேண்டும், ஹீட்டர் பக்கம் வேண்டாம். முகப்பில் சின்னத் திரையும் இருக்கும், நிறையச் சொல்லும். பகலில் அசல் மாதிரித் தெரிய வேண்டுமென்றால் அவர்களுடைய ஆர்டிஎக்ஸ் வரிசை. கிளாசிக் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் முள் மீட்டரின் பழைய நடையோடு இருக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும் வயர் நேராகப் போகும், பின்னாளில் ஒரு மீட்டர் கெட்டால் தேடுவது சுலபம். டேஷுக்குள் வயரைத் தொட்டுப் பழகியவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கழற்றும்போது: முதலில் பேட்டரி நெகட்டிவ். ஸ்டியரிங் காலத்தைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்குங்கள், காலத்தைத் துணியால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் முகப்பு உரசிக் கீறும். ஸ்பீடோ கேபிளைப் பின்பக்கமிருந்து கழற்றாமல் கிளஸ்டரை இழுக்காதீர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக், ஸ்க்ரூ துளையைச் சுற்றித்தான் உடையும். ஒரு பக்கம் வராமல் அடம்பிடித்தால் இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் அதன் முதுகைப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக் கோடுகள், அதுதான் மொத்த வயரிங்கும். பல்பு ஹோல்டரைத் திருப்பித் திருப்பி மாட்டிய இடங்களில் செம்பு வட்டமாகத் தேய்ந்து, தாளே தெரியும். கனெக்டர் ஏறும் ஓரத்தில் பச்சை படிந்திருக்கும். எடுத்து வைக்கும் முன் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, தாளை மடக்காமல் பையில் போடுங்கள். எமரி தாள் வேண்டாம், செம்பு அவ்வளவு மெல்லிசு.

#17 – பாடிஎர்த்

வயரிங் கடைசி சுத்து. பிங்க் வயர்தான் மீட்டர்களுக்கு சாவி சப்ளை. ரேடியோ சப்ளையிலேர்ந்து எடுக்காதீங்க, ஸ்டார்ட் பண்ணும்போது அது அணையும், எலெக்ட்ரானிக் கிளஸ்டர் ஒவ்வொரு தரமும் ரீசெட் ஆகும். ரன்-லயும் ஸ்டார்ட்-லயும் உயிரோட இருக்கிற சப்ளை வேணும், 5 ஆம்பியர் ஃபியூஸோட. கிரே வயர் விளக்கு மங்கலுக்கு. கிளஸ்டருக்கு எர்த் தனி வயரா இன்ஜின் பிளாக் வரைக்கும் இழுங்க. டேஷ் முகப்பு பிளாஸ்டிக், அதுல எர்த் எதிர்பார்க்க முடியாது.

டாக்கோவுக்கு 6ஏஎல்லோட டாக் அவுட்புட் மட்டும். பழக்கத்துல காயில் நெகட்டிவ்ல மாட்டிடாதீங்க. எம்எஸ்டி காயிலுக்கு அனுப்புறது நானூறு வோல்ட்டுக்கும் மேல, டாக்கோ அந்த நிமிஷமே போயிடும். பிளக் வயர் சாலிட் கோர்னா மாத்துங்க, ரெசிஸ்டன்ஸ் உள்ள சுருள் கோர் வேணும். சாலிட் கோர் போட்டா அந்த இரைச்சல்ல எலெக்ட்ரானிக் முள்ளெல்லாம் ஆடும், ஸ்பீடோ மைல் தானா ஏறும்.

வாரக்கணக்கா நிறுத்தி வைக்கிற வண்டின்னா கடிகார நினைவுக்குப் போற நிரந்தர சப்ளை பேட்டரியை மெல்லக் குடிக்கும். கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்க, கடிகாரத்தை மட்டும் ஒவ்வொரு தரமும் வைக்க வேண்டியிருக்கும்.

#18 – செவெல்70

கடைசியாக ஒன்று. பழைய ஓடோமீட்டரில் (ஓடிய மொத்த மைல் காட்டுவதில்) உள்ள மைலை புது கிளஸ்டரில் ஏற்றலாமா?

#19 – நாலுபேரல்

புதிது பழைய எண்ணையே காட்டும்படி வைக்க முடிந்தால் அப்படியே வையுங்கள். முடியாவிட்டால் அமெரிக்கச் சட்டப்படி பூஜ்யத்தில் தொடங்கி, மாற்றுவதற்கு முன்பிருந்த மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பழைய ஓடோமீட்டரைக் கழற்றும் முன் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, கிளஸ்டர் வைத்த பையிலேயே போட்டுவிடுங்கள்.